மூளைப் பாடத்தை வார்டிலிருந்து தொடங்குவது எப்படி? புதிய ஆசிரியர்களுக்கு ஒரு வழிகாட்டி

மனநல மருத்துவப் பிரிவுக்குப் பயிற்சிக்கு வந்த ஒரு மாணவியை என்னால் மறக்க முடியவில்லை. உடற்கூறியலிலும் உடலியங்கியலிலும் நல்ல மதிப்பெண் எடுத்தவர். உணர்ச்சிகளோடு தொடர்புள்ள லிம்பிக் அமைப்பை வரையச் சொன்னால் புத்தகத்தைப் பார்க்காமலே வரைவார். ஒரு நாள் ரவுண்ட்ஸ் முடிந்து எல்லோரும் அடுத்த படுக்கைக்கு நகர்ந்துவிட்டோம். மனச்சிதைவு நோயோடு சேர்க்கப்பட்டிருந்த இளைஞனின் தாய் இவரை மட்டும் நிறுத்திக் கேட்டார்: "என் பிள்ளைக்கு ஏன், டாக்டர், இல்லாத குரல் கேட்குது? நான் வளர்த்ததுல ஏதாவது தப்பா?"

மாணவிக்கு டோபமின் என்ற மூளை வேதிப்பொருள் தெரியும், மரபணு தெரியும். அந்தத் தாய்க்குச் சொல்ல மட்டும் ஒரு வாக்கியம் இல்லை. மூளை பற்றி அவர் படித்ததெல்லாம் ஒரு அறையில் இருந்தது, அந்தத் தாய் வேறொரு அறையில் இருந்தார். நடுவில் கதவு வைக்க வேண்டியது ஆசிரியர்களான எங்கள் வேலை. நாங்கள் வைக்கவில்லை.

மருத்துவ மாணவர்களுக்கு நரம்பியல் என்றாலே ஒரு அச்சம் உண்டு. 1994-இல் ரால்ஃப் ஜோசஃபோவிச் என்ற நரம்பியல் மருத்துவர் இதற்கு 'நியூரோஃபோபியா' என்று பெயரே வைத்தார். அடிப்படை அறிவியலை நோயாளியோடு இணைத்துப் பார்க்க முடியாததுதான் அந்த அச்சத்தின் வேர் என்பது அவர் கருத்து. மனநல மருத்துவத்தில் இந்த இடைவெளி இன்னும் அகலம். உங்களிடம் முதல்முறையாக இந்த வகுப்பை ஒப்படைத்திருக்கிறார்கள் என்றால், நான் பல வருடம் தடுமாறிக் கற்றுக்கொண்ட வரிசையை இங்கே தருகிறேன்.

1. ஸ்லைடுக்கு முன் நோட்டுப் புத்தகம்

பாடம் தயாரிக்கும் முன் ஒரு வாரம் புறநோயாளிப் பிரிவிலும் வார்டிலும் உட்காருங்கள். நோயாளிகளும் குடும்பத்தினரும் கேட்கும் கேள்விகளை அவர்கள் வாயில் வந்தபடியே எழுதிக்கொள்ளுங்கள். ஒரு வாரத்தில் நோட்டில் இப்படியான கேள்விகள் சேர்ந்துவிடும்: "இந்த மாத்திரை போட்டதும் கை நடுங்குதே, ஏன்?" "ரெண்டு வாரமா சாப்பிடறேன், மனசு இன்னும் அப்படியேதான் இருக்கு. வேற மாத்திரை மாத்தலாமா?" "ஸ்கேன் எடுத்தா மனச்சோர்வு தெரியுமா?" "குடியை விட்டு ஆறு மாசம் ஆச்சு, அந்தக் கடை வழியா போனாலே உடம்பு பதறுதே?" "இது பிள்ளைங்களுக்கும் வருமா?"

இந்தக் கேள்விகள்தான் உங்கள் பாடத்திட்டம். இவற்றில் ஒவ்வொன்றுக்கும் பின்னால் மூளையின் ஒரு பகுதியோ ஒரு இயக்கமோ இருக்கிறது. புத்தகத்தின் அத்தியாய வரிசையைப் பின்பற்றினால் நியூரானில் தொடங்கி, நோயாளியிடம் வருவதற்குள் நேரம் முடிந்துவிடும். நான் முதல் வருடம் அப்படித்தான் செய்தேன்.

2. ஒரு வகுப்புக்கு ஒரு கேள்வி

ஒரு கேள்வியை எடுத்து, அதற்குப் பதில் சொல்ல எவ்வளவு நரம்பியல் தேவையோ அவ்வளவை மட்டும் கற்றுக்கொடுங்கள். மீதியை விட மனம் வராது. ஆனாலும் விடுங்கள். எப்படி என்று காட்ட, நான் எப்போதும் முதல் வகுப்பாக வைத்துக்கொள்ளும் டோபமின் பாடத்தையே எடுத்துக்கொள்கிறேன். மற்ற எதையும்விட இது அதிக இடம் எடுக்கும். எடுக்கட்டும், இந்த ஒன்று பிடிபட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

போர்டில் மூளையின் பக்கவாட்டுத் தோற்றத்தை ஒரே கோட்டில் வரையுங்கள். அழகாக இருக்க வேண்டியதில்லை. பிறகு ஒரு நோயாளியைச் சொல்லுங்கள். இருபது வயதுக்காரர், குரல்கள் கேட்கின்றன, டோபமினைத் தடுக்கும் ஹாலோபெரிடால் என்ற மனநோய் மருந்தைத் தொடங்கினோம். இரண்டாம் நாள் கழுத்து ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. இரண்டு வாரம் கழித்துக் குரல்கள் குறைந்தன, நடை மெதுவானது, முகத்தில் அசைவு குறைந்தது. ஒரு பெண் நோயாளிக்கு இதே மருந்தில் மாதவிடாய் தவறி மார்பில் பால் கசிந்தது. ஒரே மருந்து இத்தனை இடங்களில் எப்படிக் கை வைத்தது? மாணவர்களை ஐந்து நிமிடம் யோசிக்க விடுங்கள்.

அப்புறம் மூளையில் டோபமின் வேலை செய்யும் நான்கு பாதைகளையும் ஒவ்வொன்றாக வரையுங்கள். நடு மூளையிலிருந்து லிம்பிக் பகுதிக்குப் போகும் பாதையில் டோபமின் தடுக்கப்பட்டதால் குரல்கள் தணிந்தன. உடல் அசைவுகளுக்கான, சப்ஸ்டான்ஷியா நைக்ராவிலிருந்து ஸ்ட்ரையேட்டத்துக்குப் போகும் பாதையில் தடுக்கப்பட்டதால் கழுத்து இழுத்தது, பார்க்கின்சன் நோய் போன்ற நடை வந்தது. ஹைப்போதலாமஸிலிருந்து பிட்யூட்டரிக்குப் போகும் பாதையில் டோபமின்தான் பால் சுரக்கவைக்கும் புரோலாக்டின் ஹார்மோனுக்குத் தடைபோட்டு வைத்திருக்கிறது. அந்தத் தடை நீங்கியதும் பால் சுரந்தது. முன்மூளைப் புறணிக்குப் போகும் நான்காவது பாதையில் டோபமின் மேலும் குறைந்தால் மந்தமும் ஆர்வமின்மையும் கூடலாம். மாத்திரைக்கு முகவரி தெரியாது, டோபமின் வந்து ஒட்டும் டி2 ஏற்பி இருக்கும் இடமெல்லாம் போய் உட்காரும். இதை ஒரு தடவை இப்படிப் புரிந்துகொண்ட மாணவர் பக்க விளைவுப் பட்டியலை மனப்பாடம் செய்ய மாட்டார். டி2 ஏற்பிகளில் ஏறத்தாழ 65 சதவீதம் அடைபட்டால் பலன் தெரியத் தொடங்குகிறது, 80-ஐத் தாண்டினால் உடல் விறைப்பு வருகிறது என்று சொன்னால், மருந்தளவைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றக் கூடாது என்பதும் தானாகப் புரியும்.

இத்தோடு நிறுத்தினால் பாடம் பாதியில்தான் நிற்கும். மனச்சிதைவில் டோபமின் கூடுகிறது என்கிறோம், சரி. அது கூடினால் ஏன் பக்கத்து வீட்டுக்காரர் உளவாளியாகத் தெரிய வேண்டும்? இதைக் கேட்கும் மாணவர் எல்லா வகுப்பிலும் ஒருவராவது இருப்பார். அவரைக் கொண்டாடுங்கள். வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற மூளை ஆய்வாளர் குரங்குகளிடம் செய்த சோதனைகளை அவருக்குச் சொல்லுங்கள். எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தபோது டோபமின் நியூரான்கள் துடித்தன. பழச்சாறு வரப்போவதை ஒரு விளக்கு முன்கூட்டியே அறிவிக்கும் என்று குரங்கு கற்றுக்கொண்ட பிறகு, துடிப்பு பழச்சாறை விட்டு விளக்குக்கு நகர்ந்தது. விளக்கு எரிந்தும் பழச்சாறு வரவில்லை என்றால் துடிப்பு வழக்கத்தைவிடக் கீழே இறங்கியது. அதாவது, 'இதைக் கவனி, இது முக்கியம்' என்று மூளை அடிக்கோடு போடும் வேலையில் டோபமினுக்குப் பங்கு இருக்கிறது.

2003-இல் ஷிதிஜ் கபூர் என்ற மனநல மருத்துவர் இந்தக் கருத்தை மனச்சிதைவுக்குக் கொண்டுவந்தார். டோபமின் நேரம் காலமில்லாமல் கசிந்தால் அடிக்கோடு கண்டபடி விழும். தெருவில் நின்ற கார், யாரோ இருமிய சத்தம், செய்தி வாசிப்பவரின் பார்வை எல்லாமே தனக்கான சேதி போலத் தோன்றும். மனிதன் அர்த்தம் தேடும் உயிர். இத்தனை அடிக்கோடுகளையும் கோர்த்து ஒரு கதை செய்கிறான். அந்தக் கதையைத்தான் நாம் தவறான நம்பிக்கை என்று கேஸ் ஷீட்டில் எழுதுகிறோம். மருந்து புதிய அடிக்கோடுகளைக் குறைக்கும். ஏற்கெனவே கட்டிய கதை உடனே கலையாது. அதனால்தான் மாத்திரை தொடங்கிப் பல வாரம் ஆகியும் நம்பிக்கை மிச்சம் இருக்கிறது. அதனால்தான் மாத்திரையோடு உட்கார்ந்து பேசுவதும் சிகிச்சையாகிறது. நோயாளி சொல்வதை 'அர்த்தமில்லாத பேச்சு' என்று தள்ளும் மாணவர், இந்தப் பத்து நிமிடத்துக்குப் பிறகு அப்படித் தள்ளுவதில்லை. நான் மூளையைப் பற்றிச் சொல்லிக்கொடுப்பதே இந்த ஒரு மாற்றத்துக்காகத்தான்.

முடிக்கும் முன் இந்தக் கோட்பாட்டின் ஓட்டைகளையும் காட்டிவிடுங்கள். டி2 ஏற்பிகளைக் குறைவாகவே அடைக்கும் குளோசபின் என்ற மருந்து, மற்ற மருந்துகள் கைவிட்ட இடத்திலும் வேலை செய்கிறது. 2024-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஜனோமெலின்–டிராஸ்பியம் கூட்டு மருந்து டோபமின் ஏற்பியையே தொடுவதில்லை, மஸ்கரினிக் என்ற வேறு வகை ஏற்பிகள் வழியாகச் செல்கிறது. 1952-இல் குளோர்புரோமசின் என்ற மருந்து மனநோய்க்குப் பயன்பட ஆரம்பித்தபோது டோபமின் கோட்பாடு பிறக்கவே இல்லை. மருந்து முதலில் வந்தது, விளக்கம் பின்னால் வந்தது. இந்த வரலாறு தெரிந்த மாணவர், இன்றைய விளக்கமும் மாறலாம் என்ற பணிவோடு இருப்பார்.

3. மாணவரைப் பேச வையுங்கள்

நீங்கள் பேசி முடித்ததும் பாடம் முடிந்ததாக நினைக்காதீர்கள். மாணவர்களை இரண்டிரண்டு பேராக உட்கார வையுங்கள். ஒருவர் மருத்துவர், மற்றவர் நோயாளியின் தாய். நோட்டில் இருக்கும் கேள்வியை 'தாய்' கேட்க வேண்டும். 'மருத்துவர்' ஒரு நிமிடத்துக்குள், ஒரு மருத்துவச் சொல்கூட இல்லாமல் பதில் சொல்ல வேண்டும். பிறகு இடம் மாறிக்கொள்ளட்டும்.

முதல் முறை எல்லோரும் திணறுவார்கள். டோபமின் என்ற சொல்லை எடுத்துவிட்டால் சொல்ல ஒன்றுமே மிச்சமில்லாதது போல இருக்கும். புரியாத இடம் எதுவென்று அப்போதுதான் அவர்களுக்கே தெரியவரும். மூன்றாவது முறையில் கிட்டத்தட்ட இப்படி ஒரு பதில் வரும்:

"அம்மா, நீங்க வளர்த்த விதத்தால இது வரலை. நாம மனசுக்குள்ள பேசிக்கிறப்போ, அது நம்ம பேச்சுதான்னு மூளை அடையாளம் வச்சுக்கும். உங்க பையனுக்கு அந்த அடையாளம் சரியா விழறதில்லைன்னு நினைக்கிறோம். அதனால உள்ளே ஓடுறது வெளியேருந்து வர்ற மாதிரி கேட்குது. அவருக்கு அது நிஜமாவே கேட்குது, அவர் நடிக்கலை. மருந்து அதைக் கொஞ்சம் கொஞ்சமா தணிக்கும். வீட்டுல சண்டை சச்சரவு இல்லாம அமைதியா இருந்தா அதுவும் உதவும்."

முதல் வாக்கியத்தின் எடையை மாணவர்கள் உணர வேண்டும். 1948-இல் ஃப்ரீடா ஃப்ரோம்–ரைக்மான் என்ற மனநல மருத்துவர் மனச்சிதைவை உண்டாக்கும் தாய் என்ற பொருளில் ஒரு சொல்லை எழுத்தில் கொண்டுவந்தார். எத்தனையோ தாய்மார்கள் அந்தப் பழியைப் பல பத்தாண்டுகள் சுமந்தார்கள். அதே சமயம் மரபணுதான் விதி என்ற எதிர்முனைக்கும் போய்விடக் கூடாது. ஒரே கருவில் உருவான இரட்டையரில் ஒருவருக்கு மனச்சிதைவு இருந்தால், மற்றவருக்கு வரும் வாய்ப்பு பாதி அல்லது அதற்கும் குறைவு. மரபணு அத்தனையும் ஒன்றாக இருந்தும் வராமல் போகலாம். "பிள்ளைங்களுக்கும் வருமா?" என்ற கேள்விக்கான நேர்மையான பதில் இங்கேதான் தொடங்குகிறது.

மனச்சோர்வுக்கும் இதே பயிற்சியைச் செய்யுங்கள். செரட்டோனின் என்ற இன்னொரு மூளை வேதிப்பொருளைப் பற்றி அங்கே ஒரு பழைய பாதி உண்மை காத்திருக்கிறது: "உங்களுக்கு செரட்டோனின் குறைஞ்சு போச்சு." சொல்ல எளிது, கேட்கவும் ஆறுதல். ஆனால் மனச்சோர்வுக்குக் காரணம் செரட்டோனின் பற்றாக்குறைதான் என்று நிறுவப்படவில்லை. மனச்சோர்வுக்குத் தரும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரை, செரட்டோனினைத் திரும்ப உறிஞ்சும் வேலையைச் சில மணி நேரத்திலேயே தடுத்துவிடுகிறது. மனம் தெளியப் பல வாரம் ஆகிறது. குறைந்ததை நிரப்புவதுதான் சிகிச்சை என்றால் மறுநாளே தெளிந்திருக்க வேண்டுமே? அந்த இடைவெளியில் ஏற்பிகள் தங்களைச் சரிசெய்துகொள்வதும், நியூரான்கள் சந்திக்கும் சினாப்ஸ்கள் மெல்ல மாறுவதும், மூளை மறுபடி கற்றுக்கொள்வதும் நடக்கின்றன என்று கருதுகிறார்கள். நோயாளியிடம் "மாத்திரை இன்னைக்கே வேலையை ஆரம்பிச்சிடும், மூளை அதுக்கேத்த மாதிரி மாற சில வாரம் எடுக்கும், அதுவரைக்கும் நிறுத்திடாதீங்க" என்றால் போதும். பொய்யும் இல்லை, பாதியில் நிறுத்துவதும் குறையும்.

4. மூளை நோய் மனநோய் வேடத்தில் வரும்போது

இந்தப் பகுதியை வகுப்பில் நடத்தாதீர்கள், படுக்கையருகே நடத்துங்கள். இங்கே தவறினால் உயிர் போகும்.

2007-இல் ஜோசப் டால்மாவும் அவரது குழுவும், உடலின் நோயெதிர்ப்பே மூளையின் என்எம்டிஏ ஏற்பியைத் தாக்கும் மூளையழற்சியை விவரித்தார்கள். பெரும்பாலும் இளம்பெண்கள். சில நாட்களில் முளைத்த சந்தேகமும் கிளர்ச்சியும் மாயக்காட்சியும் பார்த்து, முதலில் மனநல வார்டுக்கே அனுப்பப்படுவார்கள். பிறகு வலிப்பு, வாயையும் முகத்தையும் கோணும் அசைவுகள், பேச்சு நின்றுபோவது, நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் ஏறி இறங்குவது என்று வரும். சிலருக்குச் சினைப்பையில் கட்டி இருக்கும். நேரத்தில் கண்டுபிடித்தால் பெரும்பாலானவர்கள் நன்றாகத் தேறுகிறார்கள். மாணவரிடம் ஒரு கேள்வியைப் பழக்குங்கள்: இந்த மனநோயில் பொருந்தாத ஒன்று இருக்கிறதா? வலிப்பு, காய்ச்சல், மயங்கித் தெளியும் நினைவு, மிக வேகமான தொடக்கம், புதிதாக வந்த உடல் அசைவு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் நின்று யோசிக்க வேண்டும்.

உடல்நோயால் திடீரென வரும் குழப்பமான டெலிரியத்தைக் கண்டுபிடிக்க கருவி எதுவும் வேண்டாம். மாதங்களைப் பின்னோக்கிச் சொல்லச் சொல்லுங்கள். கவனம் நழுவிக்கொண்டே இருந்தால் மனச்சிதைவு என்று எழுதும் முன் சிறுநீர்த் தொற்று, சோடியம், மருந்துப் பட்டியல் ஆகியவற்றைப் பாருங்கள். குடிப்பழக்கம் உள்ளவர் குழம்பி, நடை தள்ளாடி, கண் அசைவு மாறி வந்தால், முழு அறிகுறிகளும் சேரும்வரை காத்திருக்காமல் தயமினை (வைட்டமின் பி1) ஊசியில் கொடுக்க வேண்டும். ஐம்பதுகளில் நாகரிகம் மறந்து, இரக்கம் இழந்து, இனிப்பை விடாமல் தின்னத் தொடங்கியவருக்கு இருமுனைக் கோளாறு என்று சீட்டு எழுதுவதற்குள், மூளையின் முன்பகுதி சுருங்குகிறதா என்று பார்க்கலாம்.

5. பேச்சும் மூளையைத்தான் மாற்றுகிறது

மாத்திரை மூளைக்கு, பேச்சு மனத்துக்கு என்ற பிரிவினை மாணவர்கள் தலையில் ஆழமாக உட்கார்ந்திருக்கும். நம் பாடமே அதை வளர்த்துவிடக் கூடும். 1992-இல் லூயிஸ் பாக்ஸ்டரின் குழு, எண்ணச் சுழற்சி நோய் (ஓசிடி) உள்ளவர்களைச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும், மூளையின் செயல்பாட்டைக் காட்டும் பெட் ஸ்கேன் எடுத்தது. சிலருக்கு மாத்திரை, சிலருக்கு நடத்தைச் சிகிச்சை. குணம் கண்டவர்களில், இரண்டு வழியிலுமே காடேட் என்ற பகுதியின் செயல்பாடு தணிந்திருந்தது. இந்த ஒரு ஆய்வைச் சொன்னாலே அந்தப் பிரிவினை ஆட்டம் காணும்.

பயம் பற்றிய பாடமும் இங்கே சேர வேண்டும். பயந்த சூழலை மறுபடி மறுபடி பாதுகாப்பாகச் சந்தித்தால் பயம் தணிகிறது. ஆனால் பழைய நினைவு அழிவதில்லை. அதன் மேல் 'இங்கே ஆபத்தில்லை' என்ற புதிய பாடம் எழுதப்படுகிறது. முன்மூளை, பயத்தைக் கிளப்பும் அமிக்டலா என்ற பகுதியை அடக்கப் பழகுகிறது. அதனால்தான் ஓர் அறையில் தீர்ந்த பயம் வேறோர் இடத்தில் தலைகாட்டுகிறது. அதனால்தான் சிகிச்சையைப் பல இடங்களில் பயில வேண்டியிருக்கிறது. குடியை விட்டவருக்குக் கடையைப் பார்த்ததும் வரும் பதற்றமும் இதற்கு உறவுதான். "எனக்கு மன உறுதி இல்லை" என்று தன்னைத் திட்டிக்கொண்டிருப்பவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், நிமிர்ந்து உட்காருவார்.

6. வண்ணப் படங்களிடம் எச்சரிக்கை

மூளை ஸ்கேன் படத்தை ஸ்லைடில் போடும் முன் ஒரு மீன் கதை சொல்லுங்கள். 2009-இல் கிரெய்க் பென்னட்டும் நண்பர்களும் செத்துப்போன சால்மன் மீனை, மூளையின் செயல்பாட்டைப் படமெடுக்கும் எஃப்எம்ஆர்ஐ கருவிக்குள் வைத்து, அதற்கு மனிதர்களின் படங்களைக் காட்டினார்கள். புள்ளியியல் திருத்தம் செய்யாமல் பார்த்தபோது செத்த மீனின் மூளையில் 'செயல்பாடு' தெரிந்தது. ஸ்கேன் படத்தில் தெரிவது கணக்குப் போட்டு வந்த வண்ணம் என்பது அதன்பின் மறக்காது. ஆய்வுகள் காட்டும் வேறுபாடுகள் குழுக்களின் சராசரி. எதிரில் இருப்பவருக்கு மனச்சோர்வு இருக்கிறதா என்று ஸ்கேன் பார்த்துச் சொல்ல முடியாது. வேறு மூளை நோய் இல்லையா என்று பார்க்கத்தான் நாம் ஸ்கேன் எடுக்கிறோம்.

7. இரக்கம் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்

இதை நான் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். மூளைக் காரணம் தெரிந்தால் நோயாளியைப் பழிக்க மாட்டார்கள், இரக்கம் தானே கூடும் என்று நம்பியிருந்தேன். 2014-இல் லெபோவிட்ஸ், ஆன் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வு அதை அசைத்துவிட்டது. ஒரே நோயாளியின் கதையை மனநலப் பணியாளர்களிடம் கொடுத்தார்கள். உயிரியல் விளக்கத்தோடு படித்தபோது, வாழ்க்கைச் சூழல் விளக்கத்தோடு படித்தபோதைவிட அவர்களுக்கு இரக்கம் குறைவாக இருந்தது. பழுதடைந்த இயந்திரமாக மனிதனைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறோம் போலும்.

அதற்காக நரம்பியலை விட்டுவிட முடியாது. எப்படிச் சொல்கிறோம் என்பதை மாற்றலாம். என் வகுப்பில் எந்த நோயாளியையும் நோய்ப் பெயரால் அறிமுகம் செய்ய அனுமதிப்பதில்லை. அவர் என்ன வேலை செய்தார், யாரோடு இருக்கிறார், இப்போது எதற்குப் பயப்படுகிறார் என்ற மூன்றும் வந்த பிறகுதான் அறிகுறிகள். மூளை விளக்கத்துக்குப் பிறகு 'இந்த மூளை எப்படிப்பட்ட வாழ்க்கைக்குள் இருக்கிறது?' என்ற கேள்வி கட்டாயம். முடிந்தால், குணமடைந்து வரும் ஒருவரை அவர் சம்மதத்தோடு வகுப்புக்கு அழையுங்கள். மாணவர்கள் தரும் விளக்கத்தை அவரே கேட்டு, எது உதவியது, எது சுட்டது என்று சொல்லட்டும்.

8. தேர்வு

நான்கு பாதைகளின் பெயரைக் கேட்டுத் தேர்வு வைத்தால் மாணவர்கள் பெயரைத்தான் படிப்பார்கள். வைவாவில் பாதி மதிப்பெண்ணை அந்த ஒரு நிமிட விளக்கத்துக்கு ஒதுக்குங்கள். கேள்வியை நோட்டிலிருந்து எடுங்கள். இடையிடையே, முந்தைய வாரம் நடத்தியதைப் பார்க்காமல் எழுதச் சொல்லுங்கள். திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட, நினைவிலிருந்து எடுத்துப் பார்ப்பதே நெடுநாள் நிற்கும் என்று 2006-இல் ரோடிகர், கார்பிக்கே என்ற உளவியல் ஆய்வாளர்கள் மாணவர்களை வைத்தே காட்டியிருக்கிறார்கள்.

முதல் வருடமே எல்லாக் கேள்விகளையும் தொட முயல வேண்டாம். டோபமின், டெலிரியம், பயம் என்று மூன்று வகுப்புகள் போதும். உடற்கூறியல் பேராசிரியர் ஒருவரை ஒரு நாள் ரவுண்ட்ஸுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், அவரும் தன் நோட்டில் ஒரு கேள்வியை எழுதிக்கொண்டு திரும்பட்டும்.